இரத்தம் கொடுப்பவரிடம் தமிழிலும் கேட்க வேண்டும்

பாலராமபுரம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் திருவனந்தபுரம் செல்லும் பாசஞ்சருக்குக் காத்து நிற்பவர்களில், ஆபீசுக்குப் போகிறவர் யார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் யார் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஆபீஸ்காரர் கையில் தோல் பை இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர் கையில் தூக்குவாளி, பிளாஸ்க், சுருட்டிய பாய். கேரளத்தில் இவர்களுக்குக் கூட்டிருப்புக்காரர் என்று பெயர். இவர்களோடு இரண்டு மூன்று இளைஞர்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறினால், அவர்கள் இரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் என்று கொள்ளலாம்.

நெய்யாற்றின்கரையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, மார்த்தாண்டத்திலிருந்தும் பெரிய வியாதிக்காரர்கள் போய்ச் சேருகிற இடம் திருவனந்தபுரம்தான். அங்கே ஆபரேஷன் என்றால் இரத்தம் வேண்டும். ஆஸ்பத்திரி தன் கையிருப்பிலிருந்து கொடுத்தாலும், ஈடாக இரண்டு பேரையாவது அழைத்து வாருங்கள் என்கிறார்கள். கையிருப்பு குறையாமலிருக்க அவர்கள் கேட்பதில் தவறில்லை. உள்ளூர்க்காரருக்கு ஆள் கிடைப்பது கஷ்டமும் இல்லை. பிழைக்க வந்த தமிழருக்கோ கூட வேலை செய்கிறவன்தான் சொந்தக்காரன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹோட்டலில் வேலை செய்யும் பையன், பழைய இரும்பு எடுக்கிறவன், காய்கறி லாரியில் சுமை இறக்குகிறவன், இவர்களே ஒருவருக்கொருவர் இரத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் கூலி போகிறதே என்று அவர்கள் முணுமுணுப்பதில்லை. இது அவர்களுடைய பெருமை.

அங்கே இரத்த வங்கியில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் ஆங்கிலம். பையனுக்கு இரண்டும் தெரியாது. கவுண்டரில் இருப்பவர் விரலால் ஓரிடத்தைக் காட்டுகிறார். பையன் அங்கே கையெழுத்துப் போடுகிறான். அவசரமில்லாத நேரமாக இருந்தால் நர்சம்மாள் கேள்விகளை வாயாலும் கேட்பார்.

"மஞ்ஞப்பித்தம் வந்நிட்டுண்டோ?"

"பித்தம்லாம் ஒண்ணும் கெடையாது சிஸ்டர். தலைகிறக்கம் வந்ததே இல்ல."

நர்சம்மாள் "இல்லை" என்று குறித்துக்கொள்கிறார். கேட்டவர் மீதும் குற்றமில்லை, சொன்னவன் மீதும் குற்றமில்லை. மலையாளத்தில் மஞ்ஞப்பித்தம் என்றால் மஞ்சள் காமாலை. தமிழனுக்குப் பித்தம் என்றால் தலைசுற்றலும் வாந்தியும். அந்தப் பையனுக்குச் சிறு வயதில் கண்ணெல்லாம் மஞ்சளாகி, பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்திருப்பாள். அவன் டாக்டரைப் பார்த்ததே இல்லை. ஆகவே ஹெப்படைடிஸ் என்று ஆங்கிலத்தில் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லுவான். "கண் மஞ்சளாகிக் கீழாநெல்லி குடித்தது உண்டா?" என்று கேட்டிருந்தால் மட்டுமே உண்டு என்று தலையாட்டியிருப்பான்.

இது பெரிய விஷயமா, எடுத்த இரத்தத்தைத்தான் சோதித்துவிடுகிறார்களே என்று கேட்கலாம். சோதிக்கத்தான் சோதிக்கிறார்கள். எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி., காமாலையில் பி, சி என்ற இரண்டு வகைகள், மேக நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பையிலும் பார்த்தாக வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. எச்.ஐ.வி. சோதனை 1989-ஆம் ஆண்டிலும், சி வகைக் காமாலைக்கான சோதனை 2001-ஆம் ஆண்டிலும் கட்டாயமாயின. இந்த விதிகள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

ஆனால் சோதனைக்கும் ஒரு கண்மறைவு உண்டு. வழக்கமான எலிசா சோதனை எச்.ஐ.வி. கிருமியை நேரே தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருளைத்தான் பெரும்பாலும் தேடுகிறது. உடம்பு அதை உண்டாக்கச் சில வாரங்கள் பிடிக்கும். எச்.ஐ.வி. என்றால் ஏறத்தாழ மூன்று வாரம். சி வகைக் காமாலையில் இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். பி வகையில் கிருமியின் மேலுறைப் பொருளையே தேடுகிறார்கள். அதுவும் கண்ணில் பட ஐந்தாறு வாரம் ஆகிறது. அதுவரை இரத்தத்தில் கிருமி இருக்கும், சோதனைச் சீட்டில் "இல்லை" என்று வரும். டாக்டர்கள் இதை ஜன்னல் காலம் என்கிறார்கள். ஜன்னல் என்றால் உள்ளே தெரிய வேண்டும். இதில் ஒன்றும் தெரிவதில்லை. யார் வைத்த பெயரோ!

கிருமியின் மரபுப் பொருளையே தேடிப் பிடிக்கும் நாட் என்ற சோதனை வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டிலிருந்தே இரத்த வங்கிகளில் இது நடைமுறைக்கு வந்தது. இதைச் செய்தால் எச்.ஐ.வி.யின் ஜன்னல் காலம் பத்து நாள் அளவுக்குச் சுருங்குகிறது. சி வகையில் இரண்டு மாதம் என்பது ஒரு வாரத்தையொட்டி வந்துவிடுகிறது. சுருங்குகிறதே தவிர அடைபடுவதில்லை. நம் நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகள் பல இதைத் தாமாகவே வைத்துக்கொண்டிருக்கின்றன. எல்லா இரத்த வங்கிகளுக்கும் கட்டாயம் என்று விதி ஏற்படவில்லை. செலவு அதிகம், இயந்திரம் அதிகம். அரசாங்கம் அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், அந்தச் சில நாட்களுக்கு இரத்தத்தைக் காக்கக் கூடிய ஒரே ஆள் கொடுக்கிறவர்தான். அவர் வாயிலிருந்து உண்மை வர வேண்டும். உண்மை வர, கேள்வி அவருக்குப் புரிய வேண்டும்.

இதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில், 2017-ஆம் ஆண்டு மார்ச்சில், ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வந்தாள். அந்த நோய்க்குப் பலமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஆகஸ்டில் பார்த்தபோது அந்தக் குழந்தைக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. கேரளமே பதறிப்போயிற்று. போலீஸ் வழக்கு, விசாரணை, ஹைகோர்ட் என்று விஷயம் போயிற்று. அரசாங்கம் நியமித்த டாக்டர்கள் குழு, சோதனை முறையில் குறையில்லை, இரத்தம் கொடுத்தவர் ஒருவர் ஜன்னல் காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்றது. 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்தச் சிறுமி இறந்துபோனாள்.

சோதனை முறையில் குறையில்லை என்ற வாக்கியம்தான் இதில் அச்சமூட்டுவது. குறை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். குறையே இல்லாமல் இது நடந்ததென்றால், அடைக்க வேண்டிய ஓட்டை சோதனை அறைக்கு முன்னால், அந்தத் தாளை நீட்டுகிற மேஜையில் இருக்கிறது. அந்த மையத்துக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்துத் தமிழர்கள் வருவது ஊரறிந்தது. அவர்களுக்காக இரத்தம் கொடுக்க வருகிறவர்களும் தமிழர்கள்தான்.

தமிழ்நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே நடந்தது இதைவிட மோசம். விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில், 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, இரத்தசோகையோடு வந்த ஒரு கர்ப்பிணிக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரி இரத்த வங்கியிலிருந்து வந்த பை அது. கொடுத்தவர் கமுதிப் பக்கத்து இளைஞர், வயது 19. உறவினர் ஒருவருக்காக நவம்பர் 30-ஆம் தேதி கொடுத்தது. அந்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தார். அறிந்ததும், நான் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தாமாகவே ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்தார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது.

பிறகு வெளிவந்ததுதான் வேதனை. 2016-ஆம் ஆண்டிலேயே ஒரு முகாமில் அவர் இரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே கிருமி தென்பட்டிருக்கிறது. அந்தப் பையைத் தள்ளிவிட்டார்கள். செய்தி மட்டும் அவரை எட்டவில்லை. எட்டியிருந்தால் மருந்து சாப்பிட ஆரம்பித்திருப்பார், இரண்டாம் முறை கொடுக்க வந்திருக்கமாட்டார். ஒரு நல்ல காரியம் செய்யப் போய்ப் பிறருக்குக் கேடு செய்துவிட்டோம் என்று மனம் உடைந்து அந்த இளைஞர் விஷம் அருந்தி, டிசம்பர் 30-ஆம் தேதி மதுரையில் இறந்தார். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் கிருமி இல்லை என்று பின்னர் தெரிந்தது ஒன்றே ஆறுதல். அவருக்கு 25 லட்ச ரூபாய் நஷ்டஈடு வழங்க ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

அந்தக் கதையில் சோதனைச் சாலையின் தவறு உண்டு, ஊழியர்கள் மீது நடவடிக்கையும் எடுத்தார்கள். எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். தம் உயிர்போகும் செய்தியைக் கேட்ட நிலையிலும் பிறர் உயிரை எண்ணி ஓடிய அந்த இளைஞரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

முன்பு இதைவிடக் கேவலமான நிலைமை இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்து, காசுக்கு இரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் எல்லாப் பட்டணங்களிலும் இருந்தார்கள். 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 ஜனவரி 4-ஆம் தேதி தீர்ப்பளித்து, இரத்த விற்பனையை ஒழிக்க உத்தரவிட்டது. 1998 ஜனவரி முதல் அந்தத் தொழில் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த இடத்தில் வந்து நிற்பவர்தான் இந்த ஈட்டுக்கு ஈடு கொடுக்கும் உறவினர். இவர் காசுக்கு வரவில்லை, நிர்ப்பந்தத்துக்கு வருகிறார். உள்ளே மாமா ஆபரேஷன் மேஜையில் கிடக்கிறார், வெளியே அத்தை அழுதுகொண்டிருக்கிறாள், பக்கத்தில் மச்சான் நிற்கிறான். அந்த நேரத்தில், "தகாத சேர்க்கை உண்டா?" என்று கேட்டால் எந்த ஆண்பிள்ளை உண்டு என்று சொல்லுவான்? மச்சான் காதில் விழுமே! வீட்டில் சொல்லிவிடுவானே! கேள்வி புரிந்தாலும் பதில் வராது. புரியாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். கேள்வித்தாள் தமிழிலும் இருக்க வேண்டும். கேட்கும்போது கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். கேள்வித்தாள் வட்டார மொழியில், கொடுப்பவருக்கு எளிதில் விளங்கும்படி இருக்க வேண்டும் என்று தேசிய இரத்த மாற்றுக் கவுன்சில் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வட்டார மொழி என்றால் கேரளத்தில் மலையாளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்தின் மொழி ஒன்றல்ல. மகாராஜா பாலராமவர்மா காலத்தில் தெற்கேயிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்கள் இருநூறு ஆண்டுகளாக இங்கே தறி நெய்கிறார்கள். அவர்கள் வீட்டில் தமிழ் போகவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைக்கோடு போட்டபோது தெற்கே நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மக்கள் பேசும் பாஷை அந்தக் கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை.

இங்கே பிறந்தவர்களுக்கு மலையாளம் தெரியுமே என்பார்கள். தெரியும். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், படிப்பது மலையாளம். அவர்களுக்கு இந்தத் தாளில் சிரமமில்லை. சிரமம் நேற்று ரயிலிறங்கி வந்தவனுக்கு. அவனும் ஆறு மாதத்தில் கடைத்தெரு மலையாளம் பேசிவிடுவான். எத்ர ரூபா, எவிடெ போணும் என்று கேட்கத் தெரிந்துவிடும். மஞ்ஞப்பித்தம் கடைத்தெருவில் வருகிற வார்த்தையா? பச்சை குத்தியது உண்டா, ஊசி போட்டது உண்டா, போன வருஷம் ஆபரேஷன் ஆனதா, வாரக் கணக்கில் காய்ச்சல் கிடந்ததா என்பதையெல்லாம் தாய்மொழியில் கேட்டாலே ஆசாமி யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

யோசித்துப் பதில் சொன்னால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள், இரத்தத்துக்கு எங்கே போவது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கவலைப்படலாம். அத்தனை பேர் போகமாட்டார்கள். ஏ அல்லது இ வகைக் காமாலை வந்து தீர்ந்தவர் ஓராண்டு பொறுத்தால் போதும். பி, சி வகைதான் எந்நாளும் கூடாது. பச்சை குத்தியவருக்கும் ஓராண்டுதான். இன்றைக்கு வேண்டாம், அடுத்த சித்திரையில் வா என்று தமிழில் சொன்னால் அவன் வருவான். ஒரு பை இரத்தம் ஒரு நோயாளிக்கு மட்டும் போவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்கிறார்கள். தட்டணுக்கள் ஐந்து நாளைக்கு மேல் தாங்கா. சில வாரம் வைத்திருந்து பார்ப்போம் என்று காத்திருக்கவும் வழியில்லை.

தமிழர்கள் தரப்பிலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒரு சிலர் இரத்தம் கொடுப்பதே தம்மைச் சோதித்துக்கொள்வதற்காக. தப்பான இடத்துக்குப் போய் வந்துவிட்டோம், எய்ட்ஸ் இருக்குமோ என்ற பயம், கேட்கவும் வெட்கம். இரத்தம் கொடுத்தால் சும்மா பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். போய் வந்த இரண்டாம் வாரத்திலேயே கொடுக்கிறார்கள். அதாவது சரியாக அந்த ஜன்னல் காலத்தில்! இதைவிட அபாயம் வேறில்லை. சோதிக்க வேண்டுமானால் அதற்கு வேறு கதவு இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று போர்டு வைத்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே மையம் கேரளத்தில் ஜ்யோதிஸ் என்ற பெயரில் இருக்கிறது; போர்டு மலையாளத்தில் இருப்பதால் இது அதுதான் என்று தெரிவதில்லை. காசு கிடையாது, இரகசியம் காக்கப்படும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அந்த இரகசியத்துக்குக் காவல். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் கட்டணமில்லாமல் விவரம் சொல்லுவார்கள்.

தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் தலைவர் பிறந்த நாள், நடிகர் பிறந்த நாள் என்று இரத்ததான முகாம் நடத்துகின்றன. பந்தல், மாலை, மைக் செட், எத்தனை பாட்டில் சேர்ந்தது என்று மேடையில் அறிவிப்பு. இதில் கேள்வித்தாளைப் படித்துக் காட்ட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. வாசலில் பெயர் எழுதும் தொண்டர்களில் இரண்டு பேரை ஒதுக்கி, படுக்கப் போகுமுன் ஒவ்வொருவருக்கும் தனியே படித்துக் காட்டச் செய்தால் என்ன? ஐம்பது பாட்டிலுக்குப் பதில் முப்பது பாட்டில் சேரும். சேரட்டுமே. கொடுத்தவருடைய விலாசத்தையும் போன் நம்பரையும் ஒழுங்காக எழுதி வாங்குவதும் அவர்கள் கையில் இருக்கிறது. பிழைக்க வந்தவன் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறான், வாடகை அறை மாற்றுகிறான். சோதனையில் ஏதாவது தென்பட்டால் இரத்த வங்கிக்காரர் யாரை, எங்கே தேடுவார்? தேடிப் பிடித்தாலும் எந்த மொழியில் சொல்லுவார்? பயமுறுத்தாமல், மருந்து இருக்கிறது, அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லோரையும் போல வாழலாம் என்று அவன் மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கமுதி இளைஞருக்கு அப்படிச் சொல்ல ஓர் ஆள் 2016-ஆம் ஆண்டிலேயே கிடைத்திருக்க வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ஆம் ஆண்டினது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தத்தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியில் வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சுகாதாரத் துறைக்கு இதுபற்றித் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத பாலராமபுரத்திலும் பாறசாலையிலும் உள்ள சங்கங்களுக்கு ஒரு தாளும் ஒரு தபால் தலையும் செலவாகும். கேள்வித்தாளைப் புதிதாக மொழிபெயர்க்க வேண்டிய சிரமம்கூட இல்லை. ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டு இரத்த வங்கிகளில் தமிழ்த் தாள் வழக்கத்தில் உள்ளதுதான். நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.